நமது பாராளுமன்றத் தொகுதி: தேர்தல் முடிவைப் படித்தறியும் முறை

நாமகிரிப்பேட்டையில் செவ்வாய்க்கிழமைதோறும் நடைபெறும் மஞ்சள் ஏலத்தை அறியாத குடியானவர் இவ்வட்டாரத்தில் இரார். விரலி வேறு, உருண்டை வேறு எனத் தரம் பிரித்து அடுக்கிய மூட்டைகளுக்கு நடுவே, விலை நிலவரத்தோடு நாட்டு நடப்பும் அங்கே அலசப்படுவது வழக்கம். 2024ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் தேதி பாராளுமன்றத் தேர்தல் முடிவுகள் வெளியாயின. அதற்கடுத்த வாரம் அலுவல் நிமித்தம் அவ்வழியே சென்ற என்னைப் பெரியவர் ஒருவர் நிறுத்தினார். "ஏனுங்க ஐயா, எங்க ஊருச் சாவடியிலே இன்னாருக்குத்தான் அதிகம் விழுந்திருக்குதுன்னு சொல்றாங்க. அப்புறம் அவரு எப்படித் தோத்தாரு? எண்ணினதிலே ஏதாச்சும் கோளாறுங்களா?" என்று கேட்டார்.

நான் அவர் முன்னிருந்த மூட்டைகளையே காட்டினேன். "இந்தக் குவியலுக்கு ஒரு வியாபாரி ஒரு விலை கேட்கிறார். இன்னொருவர் அதற்கு மேல் ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கிறார். சரக்கு யாருக்கு?" என்றேன். "கூடக் கேட்டவருக்குத்தானுங்க" என்றார். "முன்னவருக்குப் பாதி மூட்டையாவது உண்டா?" என்றேன். "அதெப்படிங்க?" என்று சிரித்தார். தேர்தலும் அவ்வாறே என்பது அவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் சிரிப்பு அடங்கியதும் அவர் கேட்ட இரண்டாவது கேள்வி என்னைச் சற்றே தடுமாற வைத்தது: "அப்படீன்னா எங்க ஊருக்கு இனி அஞ்சு வருசத்துக்கு ஒண்ணும் நடக்காதுங்களா?"

முதல் கேள்வி கணக்கைப் பற்றியது. இரண்டாவது கேள்வியோ அச்சத்தைப் பற்றியது. பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் இவ்விரண்டையும் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகின்றேன். எந்தக் கட்சி நல்லது, எந்தக் கட்சி தீயது என்னும் ஆராய்ச்சி எம் போன்ற அலுவலர்க்கு உரியதன்று, இவ்விடத்துக்கும் உரியதன்று.

ஒரு தொகுதி, ஓர் அங்கத்தினர்

இன்று ஒரு பாராளுமன்றத் தொகுதிக்கு ஓர் அங்கத்தினரே தேர்ந்தெடுக்கப்படுகின்றார். இஃது என்றும் இருந்து வந்த ஏற்பாடு எனப் பலரும் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. 1952, 1957 ஆகிய ஆண்டுகளின் பொதுத் தேர்தல்களில் சில தொகுதிகள் இரட்டை அங்கத்தினர் தொகுதிகளாக விளங்கின. ஒரு பொது ஸ்தானமும் ஒரு தனி ஸ்தானமும் ஒரே தொகுதியில் இருந்தன. ஒவ்வொரு வாக்காளர்க்கும் இரண்டு வாக்குகள் உண்டு. இரண்டையும் ஒரே வேட்பாளர்க்கு அளித்தல் கூடாது. நமது நாமக்கல் தொகுதியே 1957இல் இத்தகையதாக இருந்தது. அவ்வாண்டில் ஈ. வெ. கி. சம்பத் அவர்களும் எஸ். ஆர். ஆறுமுகம் அவர்களும் இத்தொகுதியினின்று ஒருங்கே லோக் சபைக்குச் சென்றனர். முன்னவர் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தலைவர்களுள் ஒருவர். அக்கழகம் அப்போது அங்கீகாரம் பெறாமையால் தேர்தல் ஏட்டில் சுயேச்சை என்றே குறிக்கப்பெற்றார். பின்னவர் காங்கிரஸைச் சேர்ந்தவர்.

இம்முறையில் ஒரு சிக்கல் இருந்தது. தனி ஸ்தானத்துக்கு உரிய சமூகத்தைச் சேர்ந்த வேட்பாளர்களுள் அதிக வாக்குப் பெற்றவர் முதலில் அதற்குத் தேர்ந்தெடுக்கப்படுவார். எஞ்சியோர் அனைவருள்ளும் அதிக வாக்குப் பெற்றவர், எச்சமூகத்தவராயினும், பொது ஸ்தானத்தைப் பெறுவார். 1957இல் ஆந்திரத்துப் பார்வதிபுரம் தொகுதியில் இரு ஸ்தானங்களுமே பழங்குடி வேட்பாளர்க்குச் சென்றுவிட, பின்னாளில் குடியரசுத் தலைவராக விளங்கிய வி. வி. கிரி அவர்கள் தோல்வியுற்றார். வழக்குச் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. தேர்தல் செல்லும் என்றே அங்குத் தீர்ப்பாயிற்று. தொகுதியின் பரப்பும் இரட்டிப்பாக இருந்தமையால் வேட்பாளர்க்கும் வாக்காளர்க்கும் அலைச்சல் மிகுதி. 1961இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி இரட்டைத் தொகுதிகளை ஒழித்தது. 1962இல் நாமக்கல் ஒற்றைத் தொகுதியாயிற்று, வி. கே. ராமசாமி அவர்கள் காங்கிரஸின் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அதன்பின் எல்லைகள் பலமுறை மாறின. 1977 முதல் 2004 வரையிலான தேர்தல்களில் நம் பகுதி ராசிபுரம் தனித் தொகுதியைச் சேர்ந்திருந்தது. அது ராசிபுரம், சேந்தமங்கலம், நாமக்கல் ஆகியவற்றோடு மலைக்கு அப்பால் ஆத்தூர், தலைவாசல், சின்னசேலம் வரை நீண்டு கிடந்தது. ஆயில்பட்டியில் இருப்பவர்க்கும் சின்னசேலத்தில் இருப்பவர்க்கும் ஒரே பிரதிநிதி. 1977இல் பி. தேவராஜன், 1998இலும் 1999இலும் வி. சரோஜா, 2004இல் கே. ராணி ஆகியோர் இத்தொகுதியில் வென்றோருள் சிலர். 2008இன் மறுவரையறையில் ராசிபுரம் தொகுதி மறைந்து நாமக்கல் தொகுதி மீண்டும் தோன்றிற்று. சங்ககிரி, ராசிபுரம், சேந்தமங்கலம், நாமக்கல், பரமத்தி வேலூர், திருச்செங்கோடு என்னும் ஆறு சட்டசபைத் தொகுதிகள் இதில் அடங்கும். இவற்றுள் ராசிபுரமும் சேந்தமங்கலமும் சட்டசபைக்குத் தனித் தொகுதிகள். பாராளுமன்றத்துக்கு நாமக்கல் பொதுத் தொகுதி. முதியோர் சிலர் இன்னும் "ராசிபுரம் எம்.பி." என்று சொல்லக் கேட்கின்றேன். அப்படி ஒருவர் 2009க்குப் பின் இல்லை.

நான்கு தேர்தல்களின் கணக்கு

புதிய நாமக்கல் தொகுதி கண்ட முதல் நான்கு தேர்தல்களை வரிசையாக நோக்குவோம். 2009இல் தி.மு.க.வின் எஸ். காந்திசெல்வன் 3,71,476 வாக்குகள் பெற்று, 2,69,045 பெற்ற அ.தி.மு.க. வேட்பாளரை 1,02,431 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2014இல் நிலைமை தலைகீழாயிற்று. அ.தி.மு.க.வின் பி. ஆர். சுந்தரம் 5,63,272 வாக்குகள் பெற்றார். பதவியில் இருந்த காந்திசெல்வன் 2,68,898 பெற்றார். வித்தியாசம் 2,94,374, அதாவது தோற்றவர் பெற்ற மொத்த வாக்கினும் வித்தியாசமே பெரிது! இனி இத்தொகுதி ஒரு பக்கத்துக்கே சாசனம் என்று அன்று பேசியோர் பலர். ஐந்தே ஆண்டுகளில், 2019இல், தி.மு.க. அணியின் ஏ. கே. பி. சின்ராஜ் 6,26,293 வாக்குகள் பெற்று, 3,61,142 பெற்ற அ.தி.மு.க. வேட்பாளரை 2,65,151 வித்தியாசத்தில் தோற்கடித்தார். தொகுதி எவர்க்கும் பட்டா எழுதிக் கொடுத்த நிலமன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

2024இன் கணக்கே நமக்கு அதிகம் கற்பிப்பது. வி. எஸ். மாதேஸ்வரன் 4,62,036; அ.தி.மு.க.வின் எஸ். தமிழ்மணி 4,32,924. வித்தியாசம் 29,112. சின்ராஜ், மாதேஸ்வரன் ஆகிய இருவரும் கொங்குநாடு மக்கள் தேசிய கட்சியைச் சேர்ந்தவர்கள். உதயசூரியன் சின்னத்தில் போட்டியிட்டமையால் முடிவு ஏட்டில் அவர்கள் பெயர்க்கு நேரே தி.மு.க. என்றே காணப்படும். ஏட்டைப் படிப்போர் இதனால் குழம்புதல் வேண்டா.

அவ்வாண்டு மூன்றாம் இடம் பெற்ற பா.ஜ.க. வேட்பாளர் ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். இரண்டாம், மூன்றாம் இடத்தார் வாக்குகளை மட்டும் கூட்டினாலே ஐந்தேகால் லட்சத்தைத் தாண்டும். வென்றவரோ நாலரை லட்சத்துக்குச் சற்று மேல். ஆகவே, வாக்களித்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் வென்றவர்க்கு வாக்களிக்கவில்லை. இது தவறோ, முறைகேடோ அன்று. ஒற்றை அங்கத்தினர் தொகுதியின் இயல்பே இது. பாதிக்கு மேல் பெற வேண்டும் என்னும் விதி நம் நாட்டில் இல்லை. மற்ற ஒவ்வொருவரையும்விட அதிகம் பெற்றால் போதும். மற்றொரு புதுமையையும் காணலாம். ஒரு லட்சம் பேர் நம்பி வாக்களித்த அந்த மூன்றாமவர் தம் வைப்புத் தொகையை இழந்தார். ஏனெனில் செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கு பெறாதவர்க்கு அத்தொகை திரும்பாது. பதிவானவை பதினொரு லட்சத்துக்கும் மேல். அதில் ஆறில் ஒன்று ஏறக்குறைய ஒன்றே முக்கால் லட்சத்தினும் மிகுதி.

இவ்வியல்பு நாடு முழுதும் கூடும்போது விளைவு பெரிதாகத் தோன்றும். 2024இல் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் ஒரே அணி வென்றது. அதற்குக் கிடைத்த வாக்குகள் நூற்றுக்கு நாற்பத்தேழு அளவே. கடலுக்கு அப்பால் இலங்கையில் 1977இல் நடந்ததும் இத்தகையதே. ஐக்கிய தேசியக் கட்சி பாதிக்குச் சற்றே மேற்பட்ட வாக்குகளைக் கொண்டு 168 ஸ்தானங்களில் 140ஐ அடைந்தது. நூற்றுக்கு முப்பது அளவில் வாக்குப் பெற்ற ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தவை எட்டே. அதனினும் மிகக் குறைந்த வாக்குகளை வடக்கிலும் கிழக்கிலும் நெருக்கமாகப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஸ்தானங்களோடு எதிர்க்கட்சியாயிற்று. அடுத்த ஆண்டின் அரசியல் சட்டத்தில் அந்நாடு விகிதாசார முறைக்கு மாறியது. எம்முறை மேலானது என்பதை அறிஞர்கள் வாதிக்கட்டும். நம் முறையில் அங்கத்தினர் இன்னார் என்று விரல் நீட்டிக் காட்டலாம். அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். இது குடியானவர்க்கு ஒரு சிறிய வசதியன்று.

29,112 என்னும் எண்ணை வேறு வழியாகவும் நோக்குக. தொகுதியின் சாவடிகள் ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்டவை. வகுத்துப் பார்த்தால் ஒரு சாவடிக்கு இருபது வாக்குக்கும் குறைவு. "என் ஒரு வாக்கால் என்ன ஆகும்" என்று களத்துமேட்டிலேயே தங்கிவிடுவோர் இவ்வகுத்தலைத் தம் கையாலேயே ஒருமுறை செய்து பார்க்கலாம். ராஜஸ்தானத்து நாததுவாராவில் 2008ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலில் ஒருவர் வென்றது ஒரே ஒரு வாக்கினால். 62,216க்கு எதிராக 62,215.

எண்ணும் இடத்தில்

தபால் வாக்குகள் காலை எட்டு மணிக்கு முதலில் எடுக்கப்படும். பின்னர் ஒவ்வொரு சட்டசபைத் தொகுதிக்கும் தனி அறையில், வழக்கமாகப் பதினான்கு மேசைகளில், இயந்திரங்கள் சுற்றுச் சுற்றாக வைக்கப்படும். ஒவ்வோர் இயந்திரத்தின் கணக்கையும் ஏஜெண்டுகள் எழுதிக்கொள்ளலாம். சட்டசபைத் தொகுதிக்கு ஐந்து சாவடிகள் வீதம் குலுக்கல் முறையில் தேர்ந்து, ஒப்புகைச் சீட்டுகளையும் எண்ணிச் சரிபார்க்கும் வழக்கம் 2019ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு உத்தரவால் வந்தது. எவரையும் விரும்பாதோர்க்கான நோட்டா 2013 முதல் உள்ளது. அது எண்ணப்படும், ஆனால் முடிவை மாற்றாது.

பெரியவரின் முதல் ஐயத்துக்கு விடை இங்கேதான். ஓர் ஊரில் முந்தியவர் அடுத்த ஊரில் பிந்தலாம். ராசிபுரத்தில் ஏறியது திருச்செங்கோட்டில் இறங்கலாம். ஆறு அறைகளின் கூட்டுத்தொகையே முடிவு. வாக்குப்பதிவு முடிந்த மாலையில் சாவடித் தலைமை அலுவலர், பதிவான வாக்குகளின் எண்ணிக்கையைக் காட்டும் 17சி படிவத்தின் நகலை ஏஜெண்டுகளுக்கு அளிக்கின்றார். எண்ணும் நாளில் அவ்வியந்திரம் காட்டும் மொத்தம் அந்நகலோடு ஒத்திருத்தல் வேண்டும். ஐயம் உடையோர் சந்தையில் பேசுவதைக் காட்டிலும் இந்த ஒரு தாளைப் பத்திரப்படுத்துவது பயனுடையது.

சாவடிப் பட்டியல் என்னும் இருமுனைக் கத்தி

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகின்றேன். எண்ணி முடிந்தபின் 20ஆம் படிவம் என்னும் முடிவு ஏடு வெளியாகின்றது. ஒவ்வொரு சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளர் பெற்ற வாக்கு எத்தனை என்பது அதில் வரி வரியாக இருக்கும். எவரும் பார்க்கலாம், இக்காலத்தில் கைப்பேசியிலேயே பார்க்கின்றனர். கணக்கு வெளிப்படையாக இருப்பது நன்றே. ஆனால் தனி மனிதரின் வாக்கு இரகசியமாக இருக்க, ஊரின் வாக்கு வெட்டவெளியில் கிடக்கின்றது.

வாக்குச்சீட்டு நாள்களில் இதற்கு ஒரு தடுப்பு இருந்தது. பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கொட்டிக் கலந்து, பின்னர் எண்ணுவதற்கு விதிகளில் இடம் இருந்தது. எந்த ஊர் யாருக்கு அளித்தது என்பது அதனால் மறைந்தது. இயந்திரம் வந்ததும் ஒவ்வொன்றும் தனித்தனியே எண்ணப்பட, அம்மறைவு போயிற்று. பல இயந்திரங்களை இணைத்து மொத்தத்தை மட்டும் காட்டும் கருவியைப் பயன்படுத்தலாம் எனத் தேர்தல் கமிஷன் 2008இல் யோசனை கூறியது. 2015இல் சட்டக் கமிஷனும் தன் 255ஆம் அறிக்கையில் அதனை ஆதரித்தது. மத்திய சர்க்கார் உடன்படவில்லை. சாவடி வாரியான கணக்கு வேட்பாளர்க்குத் தம் உழைப்பின் குறைநிறையை அறிய உதவும் என்று கருதுவோரும் உளர். என் வரையில், இதனால் துன்புறுவோர் சிற்றூரார் என்றே எண்ணுகின்றேன். அதற்குக் காரணம் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு ஜில்லாவில், வேறொரு வட்டாரத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். தேர்தல் முடிந்த சில நாள்களில் உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் சாவடிப் பட்டியலோடு அலுவலகத்துக்கு வந்தார். ஓர் எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். ஒரு குறிப்பிட்ட தெருவுக்குக் குடிநீர்க் குழாய் நீட்டிப்பு வேலை அப்போது வரிசையில் முதலில் இருந்தது. "அந்தத் தெரு நமக்குப் போடவில்லை, வேலையை அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்றார். நான் மறுத்துரைத்திருத்தல் வேண்டும். அன்று அதனைச் செய்தேனில்லை. "பார்க்கலாம்" என்று பொதுவாகச் சொல்லி அனுப்பினேன். கோப்பு இரண்டு மாதம் அசையாமல் கிடந்தது. அது சித்திரை, வைகாசி. அத்தெருப் பெண்கள் தோட்டக் கிணறு ஒன்றினின்று குடம் சுமந்ததைப் பின்னர் நேரில் கண்டேன்.

அதன்பிறகே பட்டியலை எடுத்துவைத்து நிதானமாகப் படித்தேன். அச்சாவடியில் அந்தத் தெரு மட்டுமன்றி வேறு இரண்டு குக்கிராமங்களும் அடங்கியிருந்தன. ஏறத்தாழ ஆயிரம் வாக்காளர். இவருள் யார் எவர்க்கு அளித்தனர் என்பதை அப்பட்டியலைக் கொண்டு பிரம்மதேவனாலும் சொல்ல இயலாது. வட்டமிட்ட எண் ஊகத்தை மையால் எழுதியதே தவிர வேறன்று. அப்பிரமுகரை அழைத்து இதனைச் சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டார் என்று கூற மாட்டேன்; எழுந்து சென்றார். என்ஜினீயர் மேடு பள்ளம் அளந்து கொடுத்த வரிசையில் வேலை தொடங்கிற்று. தாமதமான இரண்டு மாதத்துக்குப் பொறுப்பு என்னுடையதே.

சாவடி சிறிதாக இருக்க, இவ்வபாயம் பெரிதாகும். நமக்கு அண்மையிலுள்ள போதமலையில் கீழூர், மேலூர், கெடமலை ஆகிய ஊர்களுக்குச் சாலை இல்லாத நாள்களில் பல தேர்தல்களின்போது வாக்கு இயந்திரங்கள் தலைச்சுமையாகவே மலையேறின. சில நூறு பேரே உள்ள இத்தகைய இடங்களில், ஒரு வேட்பாளர்க்கு விழுந்தவை ஐந்தோ ஆறோ என்றால், அந்த ஐவர் யார் எனத் தேடும் ஆவல் எழுவது மனித இயல்பு. அந்த ஆவலுக்குப் பஞ்சாயத்து அங்கத்தினர் இடம் கொடுத்தல் ஆகாது. தெருவிளக்கும் குழாயும் வாக்குக்குக் கூலியல்ல. அவை வரிப்பணத்தினின்று வருவன. தோற்றவர்க்கு வாக்களித்தவரும் அவ்வரியைச் செலுத்தியவரே.

அப்பட்டியலை நல்ல வழியில் பயன்படுத்தவும் கூடும். வேட்பாளர் பெயர்களை மூடிவிட்டு, மொத்த வாக்காளர் எத்தனை, பதிவானவை எத்தனை என்னும் இரு எண்களை மட்டும் பாருங்கள். 2024இல் நாமக்கல் தொகுதி முழுமைக்கும் நூற்றுக்கு 78 பேர் வாக்களித்தனர். உங்கள் சாவடியில் அதனினும் மிகக் குறைந்திருந்தால் ஏதோ ஒரு குறை உண்டு. சாவடி தொலைவாக இருக்கலாம். இறந்தோர், குடிபெயர்ந்தோர் பெயர்கள் பட்டியலில் நீங்காதிருக்கலாம். கரும்பு வெட்டுக்கும் செங்கற்சூளைக்கும் சென்றோர் திரும்பாதிருக்கலாம். இவை பஞ்சாயத்து அறிந்து எடுத்துச் சொல்ல வேண்டியவை.

வென்றவர் யாருக்கு அங்கத்தினர்?

பெரியவரின் இரண்டாவது கேள்விக்கு விடை சட்டத்தில் நேராகவே உள்ளது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் தொகுதிக்கு அங்கத்தினர். தமக்கு வாக்களித்தோர்க்கு மட்டும் அங்கத்தினர் அல்லர். தொகுதி அபிவிருத்தி நிதி 1993 டிசம்பரில் தொடங்கியது. 2011-12 முதல் ஓர் அங்கத்தினர்க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் என வகுக்கப்பட்டது. கொரோனா நோயின் காரணமாக 2020 ஏப்ரல் முதல் 2021 நவம்பர் வரை நிறுத்திவைக்கப்பட்டுப் பின் தொடர்ந்தது. இதில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு ஆதிதிராவிடர் வாழும் பகுதிகளுக்கும், ஏழரைப் பங்கு பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்கும் செல்ல வேண்டும் என்பது விதி. அவ்விதியில் சாவடிக் கணக்குக்கு இடமே இல்லை.

ஆயினும் இந்நிதியைப் பற்றிப் பெரும் கனவு காணுதலும் தகாது. 2024இல் தொகுதியின் வாக்காளர் ஏறத்தாழப் பதினாலரை லட்சம். 5 கோடியைப் பங்கிட்டால் தலைக்கு 35 ரூபாய்கூட இல்லை. ஊரின் சாக்கடையும் குழாயும் பஞ்சாயத்தின் வேலைகள். அவற்றுக்குப் பாராளுமன்ற அங்கத்தினரை எதிர்பார்த்துக் காத்திருத்தல், கிணறு வீட்டருகே இருக்க ஆற்றுக்குக் குடம் எடுத்துச் செல்வதை ஒக்கும். அவரிடம் கேட்க வேண்டியவை வேறு: ரயில், தேசிய நெடுஞ்சாலை, ஏற்றுமதி விதி, இறக்குமதி வரி, பயிர்க் காப்பீடு. மஞ்சள் பயிரிடும் நமக்கு இவை தொலைவான விஷயங்கள் அல்ல.

இதற்குத் தெலுங்கானாவின் நிஜாமாபாத்தில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அங்கும் மஞ்சளே பிரதானம். விலை கிடைக்காமை, மஞ்சளுக்குத் தனி வாரியம் இல்லாமை ஆகிய குறைகளை நாட்டுக்கு உணர்த்த, 2019 பாராளுமன்றத் தேர்தலில் 178 விவசாயிகள் தாமே வேட்பாளராக நின்றனர். மொத்தம் 185 பேர்! ஒரு சாவடிக்குப் பன்னிரண்டு பொத்தான் பெட்டிகளை அடுக்கிவைக்க நேர்ந்தது. அவ்விவசாயிகளுள் எவரும் வெல்லவில்லை. 178 பேரிடையே வாக்குகள் சிதறின. ஆனால் பதவியில் இருந்த அங்கத்தினர் தோற்றார். மஞ்சள் வாரியம் கொணர்வேன் என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்த வேட்பாளர் வென்றார். 2023 அக்டோபரில் தேசிய மஞ்சள் வாரியம் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரி 14இல் நிஜாமாபாத்தையே தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிற்று.

நம் பக்கத்து மொடக்குறிச்சியில் 1996 சட்டசபைத் தேர்தலில் 1,033 வேட்பாளர்கள் நின்றது பலர்க்கு நினைவிருக்கும். அங்கும் விவசாயிகளின் குறையே காரணம். தேர்தலைத் தள்ளிவைத்து, வாக்குச்சீட்டைப் புத்தகம்போல் அச்சிட்டனர். அதே ஆண்டில் ஆந்திரத்து நல்கொண்டாவில் புளூரைடு கலந்த நீரால் வருந்திய மக்கள் சார்பில் 480 பேர் பாராளுமன்றத்துக்கு நின்றனர். இவற்றுக்குப் பின் சர்க்கார் முதலில் செய்தது, பாராளுமன்ற வேட்பாளர்க்கான வைப்புத் தொகையை 500 ரூபாயினின்று 10,000 ஆக உயர்த்தியது. பின்னர் அது 25,000 ஆயிற்று. குறையைக் கேட்பதற்குமுன் கதவின் தாழ்ப்பாளைக் கனமாக்கினார்களோ என்று நான் நினைப்பதுண்டு.

தேர்தலில் நிற்காமலேயே கேட்கும் வழியும் நமக்கு உண்டு. கிராம சபையில் நிறைவேற்றிய தீர்மானத்தின் நகல், வேலை நடைபெற வேண்டிய புறம்போக்கு நிலத்தின் சர்வே எண், பயன்பெறும் குடும்பங்களின் எண்ணிக்கை, இயன்றால் என்ஜினீயரின் உத்தேச மதிப்பீடு ஆகியவற்றை இணைத்து, அங்கத்தினர்க்கு ஒன்றும் கலெக்டர்க்கு ஒன்றுமாக மனு அனுப்புக. அங்கத்தினர் சிபாரிசு செய்வார். அனுமதி வழங்குவது கலெக்டரின் அலுவலகம். தனியார் இடத்துக்கும் வழிபாட்டு ஸ்தலத்துக்கும் இந்நிதி கிடையாதாகையால் அத்தகைய வேலைகளை எழுதிக் காலத்தை வீணாக்க வேண்டா. மனுவில் உங்கள் ஊர் யாருக்கு வாக்களித்தது என்னும் வரி வேண்டவே வேண்டா. அவ்வாறு எழுதிய மனுக்கள் சில என் கைக்கு வந்ததுண்டு. அவ்வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதி வாருங்கள் என்று திருப்பியனுப்பினேன்.

சந்தையில் கண்ட பெரியவர்க்கும் இதனையே சொன்னேன். அவர் ஊருக்குத் தேவைப்பட்டது மழைக்காலத்தில் மஞ்சள் வண்டி சேற்றில் புதையும் ஓர் ஓடைக்குச் சிறு பாலம். சர்வே எண் தெரியுமா என்று கேட்டேன். கணக்குப்பிள்ளையிடம் கேட்டு வருவதாகச் சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.